கொழுத்த குட்டிகள் ஒரு பக்கம்

சாந்தா கத்தரீனா மாநிலத்தின் மேற்கு மலைப்பக்கத்தில் ஒரு தீவனக் கம்பெனியின் ஆலோசகனாக நான் இருந்தபோது நடந்தது இது. என் பெயர் டிர்சேயு. தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்குத் தீவனத்தில் கலக்கும் ஒரு பொடியைப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோவது என் வேலை. குடலைத் தேற்றும், கழிச்சலைக் குறைக்கும், எடை கூட்டும் பொடி.

லெயோனி டல்மாக்ரோ தனியாளாக நானூறு குட்டிகளை வளர்ப்பவர். வயது அறுபது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கொட்டகையில்தான் சோதனை வைத்தேன். ஒரு பட்டிக்குப் பொடி கலந்த தீவனம், பக்கத்துப் பட்டிக்கு வெறும் தீவனம். குட்டிகளைப் பிரித்துவிட்டவன் நான். முதலில் கைக்கு அகப்பட்டதைத்தான் தூக்கினேன். பிறகு கொழுத்ததெல்லாம் பொடிப் பட்டிக்கும், நோஞ்சானெல்லாம் மற்றதுக்கும் போய்க்கொண்டிருந்தன. என் கைகள் செய்வது எனக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து எடை போட்டோம். பொடிப் பட்டியின் எடை எங்கேயோ போயிருந்தது. அக்கா அசந்துபோனார். அடுத்த முறை மொத்தக் கொட்டகைக்கும் இதையே போட்டு, கழிச்சலுக்கு வழக்கமாகத் தரும் துத்தநாக மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். தாராளமாக நிறுத்தலாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஜூலைதான் குளிர்காலம். அந்தக் குளிரில் அடுத்த குட்டிகள் வந்தன. ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டது. பழைய மருந்துக்குத் திரும்புவதற்குள் முப்பத்தொன்று செத்துவிட்டன. நான் போனபோது அக்கா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். தனக்குக் கண் மங்கிவிட்டதாகவும், தராசு முள்ளைத் தப்பாகப் பார்த்துப் பொடியைக் குறைத்துப் போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். இருக்கலாம் அக்கா என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த மாதம் பண்ணைக்காரர்களின் கூட்டுறவுக் கூட்டத்தில் யாரும் கேட்காமலே அக்கா எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பொடியைக் குறை சொல்லாதீங்க. கலந்த என் கைதான் சரியில்ல. தம்பி பேரு என்னால கெடக் கூடாது."

கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

எட்டு நாள் கழித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். மாத்தே என்ற எங்கள் ஊர்ப் பச்சிலைத் தேநீரை ஊற்றிக் குடுவையை என்னிடம் நீட்டினார். வாங்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவரே உறிஞ்சினார்.

"அன்னைக்கு நான் பேசும்போது நீ எங்க உக்காந்திருந்த?"

"முன் வரிசையில."

"கை தட்டினியா?"

"தட்டினேன் அக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. நாலைந்து காய் உரித்தார்.

"செத்த குட்டிங்களை நான்தான் வாரிப் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் என்னையே வைஞ்சுக்கிட்டேன்," என்றார். பிறகு, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டார்.

அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. பின்னாலிருந்து வல்மோர் என்ற பண்ணைக்காரர், "கொழுத்ததா பாத்துப் பொறுக்கத் தெரிஞ்சவன், கசாப்புக் கடை வைக்கலாமே," என்றார். சிலர் சிரித்தார்கள். கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. வேறொரு தீவன ஆலையில் மூட்டை தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

செப்டம்பரில் அக்காவே ஆள் அனுப்பினார். புதுக் குட்டிகள் வந்திருந்தன. அதே பொடியை இம்முறை நேர்மையாகச் சோதிக்கப் போவதாகவும், துத்தநாகத்தை நிறுத்தப் போவதில்லை என்றும் சொன்னார். குனிந்து தூக்க அவருக்கு இடுப்பு வளையவில்லை.

"நீ தூக்கிக் குடு. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு காசைச் சுண்டிப் பார்த்துப் பட்டியைச் சொன்னார். நல்ல கொழுத்த குட்டி ஒன்று வெறும் பட்டிக்குப் போனபோது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று வாரத்தில் பொடி தின்றவை சராசரியாக அரைக் கிலோ எடை கூடுதலாக இருந்தன. கழிச்சல் குறைந்திருந்தது, நிற்கவில்லை. பொடி நல்ல பொடிதான். அதைச் சொல்ல என் பொய் தேவைப்பட்டிருக்கவில்லை. இந்தக் கணக்கையும் அக்காதான் சொன்னார். தராசுப் பக்கம் என்னை அவர் விடவில்லை. நானும் கேட்கவில்லை.