காலி வீடுகளின் விலை

விற்பனை அலுவலகத்துப் பெண் மாதுளைச் சாறு நீட்டியபோது தங்கபாய் தயங்காமல் எடுத்துக்கொண்டாள். பால்பாண்டி வேண்டாமென்று தலையாட்டினான். மலையாள ஊரான கழக்கூட்டத்தில் அந்தப் பதினாறு மாடிக் கட்டிடத்தில் பாதித் தரைக்கு டைல்ஸ் பதித்தவன் அவன். பதித்த தரையில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டிக் கழுவிவிட்டவள் அவன் மனைவி தங்கபாய். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, இருக்கிற ஒரே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்றவனையும் இழுத்துக்கொண்டு, வீடு வாங்க வருகிறவர்களின் வாசல் வழியாக வந்திருந்தாள்.

தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு அவர்களுக்கு. பதினேழு வருஷம். வீட்டுக்காரர் ஹரிகுமார் போன வாரம் மரியாதையாகத்தான் சொன்னார். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற இடம், டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இவர்கள் மாதம் முழுக்கக் கொடுப்பது நாலே நாளில் வந்துவிடும். மாசக் கடைசிக்குள் காலி செய்யணும். அன்றிலிருந்து தங்கபாய் பதினோரு வீடு ஏறி இறங்கிவிட்டாள். சில இடத்தில் அட்வான்ஸைக் கேட்டதுமே திரும்ப வேண்டியிருந்தது. மூன்று இடத்தில் இவள் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும், இப்போதுதான் வேறு ஆளுக்குக் கொடுத்தோம் என்றார்கள். நேற்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இந்தக் கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தாள். துணி காய்கிற பால்கனி மூன்றே மூன்று இருந்தது. அத்தனை வீட்டையும் கழுவிக் கொடுத்த கை மடியில் சும்மா கிடந்தது. அப்போது மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை.

சாறு கொடுத்த பெண்ணின் பெயர் அஸ்வதி. பி பிளாக்கின் பன்னிரண்டாம் மாடியில் நாலாம் நம்பர் வீட்டைத் திறந்து, ஹாலில் போட்டிருந்த சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னாள். தங்கபாய் நடுவில் உட்கார்ந்தாள். பால்பாண்டி நின்றான்.

“இது எவ்வளவும்மா?”

“எண்பத்தாறு லட்சம் சேச்சி. போன வருஷம் எழுபத்தி ரெண்டு.”

“பாதிக்கு மேல பூட்டித்தானே கெடக்கு? விக்காத சாமானுக்கு எங்கயாச்சும் வெல ஏறுமா?”

“அதெல்லாம் வித்துப்போச்சு சேச்சி. வாங்கினவங்க துபாயிலயும் மஸ்கட்லயும் இருக்காங்க. ரூபாய் மதிப்பு விழுந்தா அவங்களுக்கு இங்க எல்லாமே சீப். விழிஞ்ஞத்துல கப்பல் போர்ட் வந்தாச்சு, இன்னும் ஏறும்னு வாங்கிப் போடறாங்க.” பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தவள் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நான் ஹாஸ்டல்லதான் சேச்சி. ஒரு ரூம்ல நாலு பேரு.”

தங்கபாய் அவளை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குக் கீழே, சட்டைப் பொத்தான் ஒன்று வேறு நிறத்தில் இருந்தது.

அப்போதுதான் மேனேஜர் ரதீஷ் உள்ளே வந்தான். பின்னால் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு தம்பதி.

“பால்பாண்டியா? எந்தா இங்க? இன்னிக்கு கஸ்டமர்ஸ் வர்ற நாளல்லே?”

பால்பாண்டி சுவரோடு ஒட்டினான். தங்கபாய் எழுந்திருக்கவில்லை.

“கஸ்டமராத்தான் வந்திருக்கோம் சார். பூட்டிக் கெடக்கறதுல ஒண்ண வாடகைக்குக் கேக்கலாம்னு. மாசாமாசம் ஒழுங்காக் கொடுப்போம்.”

ரதீஷ் சிரிக்கப் பார்த்தான். “வாங்கினவங்க பணிக்காருக்குக் கொடுக்க மாட்டாங்க சேச்சி. ஃபேமிலிக்கு மட்டும்தான்.”

“இவரு எம் புருசன். காலேஜுல படிக்கற மக இருக்கா. எங்களுக்குப் பேரு என்ன சார்?”

வந்திருந்த பெண்மணி கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ரதீஷின் முகம் சிவந்தது. பால்பாண்டியின் அருகில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “சி பிளாக் பணி வேணும்ங்கில் இவளைக் கூட்டிட்டுப் போ.”

அடுத்து எழும்பப்போகும் சி பிளாக் என்றால் ஒன்றரை வருஷச் சோறு. எழுந்துவிடலாமா என்று தங்கபாய் நினைத்தாள். புருஷன் கூப்பிட்டால் எழுந்துவிடுவாள். அவர் வாய் திறந்து கூப்பிடட்டும். பால்பாண்டி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டைக் கால் பெருவிரலால் ஒருமுறை தடவினான். பிறகு நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சோபா அமுங்கியது.

“சி பிளாக்க வேற ஆள வச்சுப் பதிச்சுக்கிடுங்க சார்” என்றான். அஸ்வதி பக்கம் திரும்பினான். “பாப்பா, வாடகைக்கு எழுதிக் கொடுக்கற ஃபாரம் இருக்கா?”

அஸ்வதி ரதீஷைப் பார்த்தாள். ஃபைலைத் திறந்து ஒரு தாளை உருவி டீப்பாயின் மேல் வைத்தாள்.

“அஸ்வதி!” என்றான் ரதீஷ்.

“கேக்கறவங்களுக்கெல்லாம் ஃபாரம் கொடுக்கணும்னு நீங்கதான சார் சொல்லிருக்கீங்க” என்றாள் அவள்.

பால்பாண்டி பேனாவை வாங்கினான். பெயர் எழுதினான். தொழில் என்ற இடத்தில், டைல்ஸ் பதிப்பு என்று தமிழில் எழுதினான். இப்போதைய முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தம்பானூர் முகவரிக்கு இன்னும் இருபது நாள்தான் ஆயுள்.

“என்னத்த எழுத, தங்கம்?”

“பி பிளாக், பன்னெண்டாவது மாடி, நாலாம் நம்பர்னு எழுதுங்க.”

அவன் எழுத ஆரம்பித்தான். பால்கனிக் கதவு வழியாக உள்ளே பாய்ந்த கடற்காற்றில் தாள் படபடத்து எழும்பியது. அதன் ஒரு மூலையைத் தங்கபாய் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். இன்னொரு மூலையில் அஸ்வதியின் விரல்கள் இருந்தன.