பசுவில் எடுத்த பொருக்கு

கணினித் திரையில் தெரிந்ததை டொக்டர் நிஸ்ரின் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மக்பூலின் கறவைப் பசுவில் எடுத்த பொருக்கு என்று எழுதியிருந்த மாதிரியில் ஆண் மாட்டின் குரோமோசோம் இருந்தது.

கனமூலைக் கிராமத்தில் மாடுகளுக்குத் தோலில் கட்டி கட்டியாக எழும்பும் நோய் பரவியிருந்தது. அந்த வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து, அது எந்த வழியால் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. கட்டி காய்ந்து உதிரும் பொருக்கில் வைரஸோடு மாட்டின் மரபணுவும் கலந்து வரும். வழக்கமாக அதைக் கழித்துவிடுவாள். இந்த முறை கழிக்க முதல் கண்ணில் பட்டுவிட்டது.

மக்பூலுக்கும் பக்கத்து வளவு ஜபாருக்கும் இந்த நோயால் பேச்சுவார்த்தை இல்லை. உன் மாடுதான் கொண்டுவந்தது என்று பள்ளிவாசல் வாசல்வரை சண்டை பிடித்தவர்கள். வைரஸை வாசிப்பது பஞ்சாயத்துத் தீர்ப்பு இல்லை என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம்.

மறுநாளே கனமூலைக்குப் போனாள். மக்பூலை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, பசு மேய்ச்சலுக்குப் போயிருக்கு எண்டு குழாய உங்கட கையில தந்துட்டுப் போனேனே, அதுல எந்த மாட்டுட பொருக்கப் போட்டீங்க?"

"என்ட பசுடதான்," என்றார் மக்பூல்.

"உங்கட பசு ஆம்பிளையா?"

அவர் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு, "அது உதைக்கிது டொக்டர், கிட்டப் போக ஏலா. ஜபார்ட காளை சாது. வேலிக்கு இங்கால தலையப் போட்டுட்டு நிண்டிச்சி. ரெண்டுக்கும் ஒரே கட்டி வருத்தம்தானே எண்டு அதுல சுரண்டினேன்," என்றார்.

நிஸ்ரினுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஜபாரின் காளையில் அவள் ஏற்கெனவே பொருக்கு எடுத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த இரசாயனம், ஒரே காளையை இரண்டு தரம் வாசிப்பதில் தீர்ந்திருந்தது. இரண்டு வைரஸும் அச்சொட்டாக ஒன்று என்று அவள் முதலில் சந்தோஷப்பட்டது வேறு.

"பசுவப் பிடிங்க. நானே எடுக்கிறன்."

"தனியப் பிடிக்க ஏலா."

வேறு வழியில்லை. ஜபாரைக் கூப்பிட்டாள். விசயத்தைக் கேட்டதும் அவர் மக்பூலைப் பார்த்து, "என்னட்டக் கேக்காம என்ட மாட்டச் சுரண்டினியா?" என்றார். கேட்டுக்கொண்டே கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். பசு ஐஸ் பெட்டியை உதைத்து உருட்டிவிட்டது. ஆனாலும் பொருக்குக் கிடைத்தது.

இரசாயனம் வந்து, வாசித்து முடிக்க மழைக்காலம் தொடங்கிவிட்டது. இரண்டு பேரையும் ஒன்றாக இருத்தி முடிவைச் சொன்னாள். "ரெண்டு வைரஸும் வேற வேற கிளை. நீங்க அவருக்குக் குடுக்கவும் இல்ல, அவர் உங்களுக்குக் குடுக்கவும் இல்ல. மக்பூல் நானாட பசுவுல இருந்தது எலுவன்குளத்துப் பக்கம் பார்த்த வகை."

சொன்ன பிறகுதான், கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று விளங்கியது.

"எலுவன்குளமா," என்றார் மக்பூல். "அங்க மாடு யாவாரம் செய்யிற றஸ்மிய எனக்குத் தெரியும். அவன்ட மாடுதான் கொண்டுவந்தது."

"நானா, யாருக்கும் ஃபோன் அடிக்க வேணாம்."

அவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். ஜபார் பக்கத்தில் குனிந்து, எழுத்துத் தெரியாத மக்பூலுக்குப் பெயர்களை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.