ஏழாம் அறையின் அளவு

ஏரிக்கரை மாவட்ட ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் ஏழாம் அறை வாரத்துக்கு ஒரு டைல் வீதம் சுருங்கிக்கொண்டிருந்தது. மற்ற அறைகளும் அப்படித்தான், சில வேகமாக, சில மெதுவாக. நோயாளிக்காகவே கட்டிய கட்டடம் அது. தலைநகரிலிருந்து வந்த சிக்கோப்பா என்ற கட்டடக் கலைஞர் ஒரு வருஷம் பழைய வார்டில் கட்டில் கட்டிலாக உட்கார்ந்து, வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும், ஜன்னல் எந்த உயரத்தில் இருந்தால் படுத்தபடியே ஏரி தெரியும் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அறை நோயாளிக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அப்படியே அமைந்துவிட்டது. நோயாளி தேறினால் அறை விரிந்தது, இளைத்தால் சுருங்கியது. வீட்டிலிருந்து கூடவே வந்து, பின்கட்டில் களி கிண்டி, துணி துவைத்து, கட்டிலருகே பாய் போட்டுப் படுக்கிற துணையாளை மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மலாவியில் துணையாள் இல்லாமல் யாரும் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை.

ஏழாம் அறையின் துணையாள் மசாவுக்கோ, சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன். படுத்திருந்தவள் அவன் மனைவி தியோங்கே. சேர்ந்த அன்று சுவருக்குச் சுவர் பதினொரு டைல் இருந்ததை அவன் எண்ணி வைத்தான். அது குறையாமல் பார்த்துக்கொள்வதே அவன் பிழைப்பாகிப்போனது. சமையல் கொட்டகையில் அவன் ஒருவன்தான் ஆண். "ஏம்ப்பா, அடுப்பை ஊதுறியா, டயருக்குக் காத்தடிக்கிறியா?" என்று நாபண்டா என்ற கிழவி கேலி செய்வாள், பிறகு தன் உசிப்பா கருவாட்டில் ஒரு பிடி அள்ளி அவன் சட்டியில் போடுவாள். அந்தக் கருவாட்டைத் தின்று தியோங்கே சிரித்த ஒரு நாள் சுவர் அரை டைல் பின்வாங்கியது. பிள்ளை பிறந்ததுபோல் கொட்டகை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதோடு சரி. மருந்து தலைநகரிலிருந்து வரவேயில்லை. அடுத்த வாரம் வந்துவிடும் என்று கொண்டோவே என்ற நர்ஸ் ஒவ்வொரு வாரமும் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

ஆறு டைல் ஆனபோது அவன் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து சுவர்களுக்கு நடுவே குறுக்காக முட்டுக் கொடுத்தான். காலையில் அது சத்தமில்லாமல் வளைந்திருந்தது.

"சைக்கிளையும் நோயாளி ஆக்கிட்டீங்களா? அதுக்கும் ஒரு ரூம் கேக்கணுமே" என்றாள் தியோங்கே.

சிக்கோப்பா பார்வையிட வந்தார். குறை ஏதும் உண்டா என்று அவளிடம் கேட்டார். அவளுக்குப் பொய் வராது. வெளிச்சம் நன்றாயிருக்கிறது, காற்று நன்றாயிருக்கிறது, ஏரி தெரிகிறது என்றாள்.

"சார், எம் பாயை எங்க போடுறது?" என்றான் மசாவுக்கோ.

அவர் வரைபடத்தை விரித்து வெகுநேரம் தேடினார். "பாயை நான் வரையவே இல்லையேப்பா" என்றார். நல்ல மனிதர்தான், அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் எழும்பிய சுவரை அவராலும் நகர்த்த முடியவில்லை.

மூன்று டைலுக்குப் பிறகு அவனால் உள்ளே நுழைய முடியவில்லை. வெளியே ஜன்னலடியில் நின்று கரண்டியால் கஞ்சி ஊட்டினான். ஜன்னல் உள்ளங்கை அளவானதும் கையை மட்டும் உள்ளே விட்டான்.

"எடுத்துடாதீங்க. கை நசுங்குற மாதிரி இருந்தா நானே சொல்றேன்" என்றாள்.

அவள் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அவள் பிடி தளர்ந்தது, சுவரும் அத்தோடு நின்றுவிட்டது. அவன் அழுத அழுகையில் கொட்டகை அடுப்புகளை அன்று யாரும் பற்றவைக்கவில்லை.

தனியாகப் பெட்டி வாங்கும் வழக்கம் அப்போதே நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சவப்பெட்டி செய்தவர்கள் நாற்காலி செய்யப் போய்விட்டார்கள். ஆறு பேர் அறையை அப்படியே பெயர்த்துத் தூக்கிப்போய், ஜன்னல் மேலே பார்க்கும்படி குன்றில் புதைத்தார்கள். ஒரு மூட்டை மக்காச்சோளம்கூட இருக்காது, அவ்வளவு லேசு. இப்போது குன்று முழுக்க ஜன்னல்கள். ஞாயிறு மதியம் சர்ச் சவாரி முடிந்ததும் மசாவுக்கோ, நிமிர்த்தியெடுத்த அந்தச் சைக்கிளில் வருகிறான். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்கிறான். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது.