கைத்தடம் வைத்த ஞாயிறு

எங்கள் பொம்மைப் பட்டறைக்காரர்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஜெனிபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீங்கான் பொம்மை செய்தவரின் மகள்தானே அவள். சென்னைக்கு வேலைக்குப் போனதில் எங்கள் லட்சணம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

அவள் அப்பா லாரன்ஸண்ணன் இறந்து ஒரு வருடம். காலையில் மாதா கோயிலில் பூசை முடிந்தது. சாப்பாடு பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில். பிரியாணி வேகும்வரை சும்மா உட்கார்ந்து மூக்கைச் சிந்த வேண்டாம் என்று ஜெனிபர் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். பெஞ்சுகளில் ஈரக் களிமண் தகடுகள், ஆளுக்கு ஒன்று. உள்ளங்கையை அழுத்தித் தடம் வைத்துவிட்டு, பக்கத்தில் குச்சியால் அண்ணனைப் பற்றி ஏதாவது கீற வேண்டும். சுட்டு எடுத்து அவர் வீட்டு முன்சுவரில் பதிப்பார்களாம்.

"எதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டேன்.

"வூட்டு அலமாரி முழுக்க அப்பா செஞ்ச பொம்மை இருக்குது அத்த. ஒண்ணுலயாவது அவரு விரல் பட்ட தடம் இருக்குமான்னு ஒவ்வொண்ணா பாத்தேன். இல்ல. அவரு கூட வேலை செஞ்ச உங்க கையாவது எனக்கு வேணும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளைக் களிமண் பிசையச் சொல்லி விரட்டினேன்.

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. கொளஞ்சிநாதன், லாரன்ஸண்ணனின் சைக்கிளைக் கீறினார். ஆடு நல்லா இருக்குது என்று பாராட்டிவிட்டேன், அதன்பிறகு என் பக்கமே திரும்பவில்லை. வீராயி தன் தடத்துக்கு வளையல் போட்டாள். ஒரே சிரிப்பு. பிரியாணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஜெனிபர் அந்தப் பக்கம் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது தகடுகள் கண்ணாடி போல் வழவழவென்று இருந்தன. ஒன்றில்கூடக் கை இல்லை.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. முதலில் ஓரத்துப் பிசிறை ஸ்பாஞ்சால் துடைத்தோம். அடுத்து கட்டைவிரல் பக்கம் மண் மேடாக இருந்தது, அதைத் துடைத்தோம். அப்புறம் கை எங்கே நிற்கிறது? வருடக்கணக்கில் செய்த வேலை. கற்றுக்கொடுத்ததே லாரன்ஸண்ணன்தான். "பொம்மையில விரல் தெரிஞ்சா, வாங்குறவன் பொம்மைய பாக்க மாட்டான், உன்னத்தான் பாப்பான்" என்று வெயிலில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்.

எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஜெனிபர் சிரிக்கவில்லை.

"எங்கப்பாதான் தொடச்சிட்டுப் போயிட்டாரு. நீங்களுமா?"

சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஸ்பாஞ்சுகளை எல்லாம் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். தண்ணீர் வாளியைக் கவிழ்த்தேன்.

"இனிமே எவனாவது தொடச்சீங்க, சோறு கெடையாது!"

பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்த நேரம். எல்லாரும் மணிக்கட்டுவரை புதைகிற மாதிரி அழுத்தினார்கள். கொளஞ்சிநாதன் இரண்டு கையும் வைத்தார்.

"நீ வைக்கலியா?" என்று ஜெனிபரைக் கேட்டேன்.

"எனக்கெதுக்கு அத்த? நான் இங்க வேலை செஞ்சவளா?"

பேசிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவள் கையைப் பிடித்துத் தகட்டில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன்.

இலை கழுவிக்கொண்டிருந்த அண்ணன் மனைவி உபகாரமேரியக்கா, மகள் போட்ட சத்தத்தைக் கேட்டு வந்தார். தகட்டைப் பார்த்தவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"இது அவரு கைடி."

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் வளைந்து கிடந்தது. ஆமாம், அண்ணனுக்கும் அப்படித்தான். அவர் கையைத் தினமும் பார்த்தவர்கள் நாங்கள், இவள் கையைப் பார்க்கவே இல்லை. ஜெனிபர் தன் கையை யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா தன் உள்ளங்கையை அந்தத் தடத்துக்குள் வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"இது சுவத்துக்கு வேணாம். சுட்டுக் குடு, என் தலமாட்டுல வச்சுக்கறேன்."

"சரிம்மா. சுவத்துக்கு இன்னொண்ணு வைக்கிறேன்" என்று ஜெனிபர் அடுத்த தகட்டை இழுத்தாள். இந்தத் தடவை யாரும் அவள் கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.