பலகையில் ஏறிய சம்பளம்

எங்கள் களத்தில் எதையும் மறைக்க முடியாது. கல்வராயன் அடிவார விளைபொருள் வாரியத்தின் ஏலக்களம் அது. வடக்கனந்தலைத் தாண்டி மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் ஏலம். மலையிலிருந்து மக்காச்சோளமும் சாமையும் இறங்கும். கீழ்நாட்டு ஆட்கள் உளுந்தும் வேர்க்கடலையும் கொண்டுவருவார்கள். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்து மேலாளர் ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படிப்பார். பிறகு கரும்பலகையில் ஏறும்: சரக்கு யாருடையது, எத்தனை மூட்டை, ஈரம் எவ்வளவு, என்ன விலை. எல்லாம் பெயரோடு.

நான் சின்னராசு, அந்தக் களத்தின் எடையாளர். வாரியத்தின் உரிமம், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மேலாளர் செந்தமிழ்ச்செல்வி என் மனைவி. களத்துக்குள் நான் அவளை 'மேடம்' என்பேன், அவள் என்னை 'எடையாளர்' என்பாள். புதிதாக வரும் வியாபாரிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன தை மாதம் சடையன் என்ற மலைக்காரர் பதினெட்டு மூட்டை மக்காச்சோளம் கொண்டுவந்தார். மலையில் அந்த வாரம் முழுக்கப் பனி. கருவியை வைத்துப் பார்த்தால் ஈரம் பத்தொன்பது சதவீதம். செல்வி அப்படியே எழுதினாள். விலை சரிந்தது. வியாபாரி ஒருவர், "சோளம் கொண்ணாந்தியா, கூழு கொண்ணாந்தியா?" என்றார். களமே சிரித்தது. சடையன் சிரிக்கவில்லை. பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, எஞ் சோளத்துல எவ்ளோ தண்ணின்னு ஊருக்கே எழுதிப் போடறீங்க. நாயந்தான், நான் ஒன்னும் சொல்லல. மேல உக்காந்துக்கினு இருக்கறவங்க இன்னா சம்பளம் வாங்கறாங்க, எப்டி உள்ள வந்தாங்கன்னு என்னிக்காச்சும் இதுல எழுதனீங்களா?"

"எழுதிக் குடுங்க, பதில் சொல்றேன்" என்றாள் செல்வி. அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலரும் அவள்தான்.

அடுத்த வியாழன் சடையன் சோளத்தோடு வரவில்லை, தகவல் உரிமைச் சட்ட மனுவோடு வந்தார். பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, பள்ளிக்கூடம் படிக்கும் மகளை எழுதச் சொல்லியிருந்தார். மூன்று கேள்விகள். மேலாளர் முதல் செயலாளர் வரை ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம்? ஒவ்வொரு பதவிக்கும் விளம்பரம் கொடுத்தார்களா, தேர்வு வைத்தார்களா, யார் முதலில் வந்தார்? யாருக்காவது சிபாரிசுக் கடிதம் வந்ததா? பதிலை ஏலப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று கடைசியில் ஒரு வேண்டுகோள்.

மனு வந்த சேதி கள்ளக்குறிச்சியில் இருக்கும் வாரியத் தலைமை அலுவலகத்துக்குப் போனது. மறுநாளே செயலாளரின் ஜீப் களத்துக்குள் நுழைந்தது. நான் தராசைத் துடைப்பதுபோல் ஜன்னலோரம் நின்று கேட்டேன். பொய் சொல்வானேன், ஒட்டுத்தான் கேட்டேன்.

"தனிப்பட்ட தகவல், தர இயலாதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்கம்மா."

"சம்பளத்த யாரும் கேக்காமலே நாம வெளியிடணும்னு சட்டத்துல இருக்குங்க சார்."

"சட்டம் எனக்கும் தெரியும். மேலாளர் முதல்னு கேட்டுக்கிறான், உங்க கோப்பும் சேந்துதான் வரும். உங்களப் பத்திக் களத்துல இன்னா பேசிக்கறாங்கன்னு தெரியுமில்ல?"

ஜீப் போன பிறகும் வெகுநேரம் செல்வி அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை.

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அதே வாரியத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தவள், ஐந்து வருஷத்துக்கு முன்னால் தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போய், மேலாளராக வந்தாள். அவளுக்கு மேலே இருந்தவர்களையெல்லாம் தாண்டி ஒரு பெண் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? பெரிய இடத்துச் சிபாரிசு என்றார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

நான்தான்.

நேர்காணலுக்கு நான்கு நாள் முன்னால், மலைக்குப் போய் நல்ல பலாப்பழம் ஒன்றும் தேன் மூன்று பாட்டிலும் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போனேன். வாரியத்தின் அன்றைய தலைவர் வீடு அங்கேதான். பழத்தை உள்ளே அனுப்பிவிட்டு, "பாத்துக்கலாம் போப்பா" என்றார் அவர். அடுத்த மாதம் உத்தரவு வந்தது. செல்வி உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதபோது, நான் மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. வியாபாரி தங்கமணியிடம் மட்டும் சொன்னேன், யாரிடமும் சொல்லாதே என்று. தங்கமணியிடம் ஒன்றைச் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. என்னால் வந்த வேலை அல்லவா?

ஜீப் வந்துபோன மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "கோப்பயெல்லாம் அனுப்பச் சொல்லி எழுதிப் போட்டுட்டேங்க. என்னோடதும் சேத்துதான். யாரு இந்தப் பேச்சக் கெளப்பி உட்டதோ, அவன் மூஞ்சில கரியப் பூசணும்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"உன்னோடது வேணாம், செல்வி."

"ஏன்?"

சொல்லிவிட்டேன். பலா, தேன், உளுந்தூர்பேட்டை, தங்கமணி, எல்லாவற்றையும். கல்லில் இருந்த தோசை கருகியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்போ அஞ்சு வருஷமா நான் உக்காந்துக்கினு இருக்கற நாற்காலி, பலாப்பழத்துக்கு வந்ததா?"

"தெரியலடி. இருக்கலாம்."

"எனக்கும் இப்போ தெரியல." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மார்க்கு எவ்ளோன்னு அன்னிக்கு யாருக்கும் சொல்லல. என்னால முடிஞ்சதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கோப்பு வரட்டும். சிபாரிசுல வந்ததுன்னு இருந்தா, அதையும் பலகைல எழுதிட்டு, ராஜினாமாவையும் எழுதிக் குடுத்துடுவேன்."

"பைத்தியமாடி உனுக்கு? வூட்டுக் கடன் இருக்குது."

"சடையன் சோளத்துல ஈரம் பத்தொம்பதுன்னு எழுதன கை இது" என்றாள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் அவள் என் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸில் போனாள், பஸ்ஸில் வந்தாள். சாப்பாடு போட்டாள், பேசவில்லை. களத்தில் 'எடையாளர்' என்ற ஒரு சொல்தான் எனக்குக் கிடைத்தது. அதையும் முகம் பார்க்காமல் சொன்னாள். கோப்புகள் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை மாலை வந்தன. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை.

வியாழக்கிழமை களம் நிறைந்திருந்தது. சேதி மலை முழுக்கப் பரவியிருக்க வேண்டும், சரக்கில்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். செயலாளர் தன் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றார். செல்வி கோப்புகளோடு வந்து பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள். மூட்டைக்குக் கோடு போடுவதுபோலவே கோடு போட்டாள். பதவி, பெயர், சம்பளம், வந்த விதம்.

செயலாளர் முதலில். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு. அரசுத் துறையிலிருந்து முறையான மாறுதல், உத்தரவு எண் இன்னது. அவர் பயந்த மாதிரி அவருடைய வரியில் ஒன்றுமே இல்லை. அடுத்து ஆலோசகர். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம். விளம்பரம் இல்லை, தேர்வு இல்லை, விண்ணப்பித்தவர் ஒருவரே. செயலாளருடைய பழைய மேலதிகாரி என்று பெயரைப் படித்த யாரோ முணுமுணுத்தார்கள். "செயலாளரவிட ஜாஸ்தியா? யாருப்பா அது, நான் பாத்ததே இல்லியே" என்றது ஒரு குரல். இருபது வருஷமாகக் களத்தில் இருக்கும் நானும் பார்த்ததில்லை.

கடைசியாக மேலாளர் என்று எழுதினாள். செந்தமிழ்ச்செல்வி. ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூறு. பிறகு சாக்பீஸ் நின்றது. நான் தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

எழுதினாள்: விளம்பரம் உண்டு. எழுதியவர்கள் நாற்பத்திரண்டு பேர். முதலிடம், எண்பத்தேழு. இரண்டாம் இடம், எழுபத்தொன்று.

பிறகு களத்தின் பக்கம் திரும்பி, சீட்டு படிக்கும் அதே குரலில் படித்தாள்: "மேலாளர் பதவிக்கு வந்த சிபாரிசுக் கடிதம், ஒன்று. எழுதியவர் அன்றைய தலைவர். தேர்வில் ஏழாம் இடம் பெற்ற வேறொருவருக்காக. மதிப்பெண் வித்தியாசம் அதிகம் என்பதால் தேர்வுக் குழு அதை ஏற்கவில்லை."

பழத்தைத் தின்றுவிட்டு, தேனையும் நக்கிவிட்டு, வேறு ஆளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான் அந்த மனுஷன்! முதலில் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடி அது சந்தோஷமாகிவிட்டது. எண்பத்தேழு! என் பலாப்பழத்தையும் மீறி, தலைவர் கடிதத்தையும் மீறி, தன்னந்தனியாக வாங்கிய எண்பத்தேழு. அதன் மேல்தான் ஐந்து வருஷமாக நான் என் பெயரை எழுதி வைத்திருந்தேன். வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்ததில் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் தங்கமணி வாயைத் திறந்தார்.

"அவங்க கோப்ப அவங்களே படிச்சா யாரு நம்பறது? சிபாரிசுல வந்ததுன்னு இவங்க வூட்டுக்காரரே எங்கிட்ட சொன்னாருங்க. தோ நிக்கறாரு, கேளுங்க."

களம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. செல்வி மட்டும் திரும்பவில்லை. கோப்பை மார்போடு அணைத்தபடி பலகையைப் பார்த்து நின்றாள். தங்கமணி பொய் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். பெரிய தராசின் மேடையில் ஏறி நின்றேன்.

"சொன்னது நெஜம்தான். பலாப்பழம் ஒன்னு, தேனு மூணு பாட்டிலு. எடுத்துக்கினு போனது நானு. மேடத்துக்குத் தெரியாது. அத துன்னுட்டு அந்தாளு வேற ஒருத்தருக்கு எழுதிக் குடுத்துக்கிறாரு. எம் பொண்டாட்டிக்கு நான் வேல வாங்கிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சேன். நான் ஒரு மயிரும் புடுங்கல. அவ படிச்சா, எழுதனா, வந்தா. வேணும்னா அந்தப் பலாப்பழத்தையும் பலகைல எழுதிக்கோங்க!"

சிரிப்பு வெடித்தது. சடையன்தான் முதலில் சிரித்தார், சிரித்துக்கொண்டே கைதட்டினார். மலைக்காரர்கள் எல்லோரும் தட்டினார்கள். ஜீப் பக்கத்தில் செயலாளர்கூடச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். ஆலோசகர் பதவிக்கு அடுத்த மாதமே பேப்பரில் விளம்பரம் வந்தது.

சத்தம் அடங்கும்வரை செல்வி காத்திருந்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"எடையாளர், தராசவுட்டு எறங்குங்க. ஏலம் ஆரம்பிக்கணும்."

சாயங்காலம் கணக்கு முடித்துவிட்டு அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க, நான் ஓட்றேன்." நான் பின்னால் உட்கார்ந்தேன்.

கச்சிராயபாளையம் பங்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினாள். பெட்ரோல் போடும் பெண்ணுக்கு எங்களைத் தெரியாது. என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இவங்க யாரு தெரிமா உனுக்கு? நாப்பத்திரண்டு பேரு எழுதன பரிட்சைல மொத ஆளு. எண்பத்தேழு மார்க்கு."

செல்வி திரும்பி முறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண் குழாயைப் பிடித்தபடி, "அப்டிங்களாக்கா? இன்னா பரிட்சை?" என்று கேட்டாள்.

செல்வி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். டேங்க் நிறைந்தது, பின்னால் வரிசை கட்டிய வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் ரெண்டாவது ஆளுடைய மார்க்கு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.