கோட்டை வாசலில் நடை சாத்திய பகல்

ஐரோப்பாவில் பெருஞ்சண்டை மூள்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆயுத பூசை கழிந்த மறுநாட் காலையில், நொச்சிப்பத்து என்னும் சிற்றூரிலிருந்து ஒரு மாட்டுவண்டி பாளையங்கோட்டையை நோக்கிப் புறப்பட்டது. வைக்கோல் மெத்தையின்மேல் கிடத்தப்பட்டிருந்த ஒரு வாழைத்தாரே அவ்வண்டியின் முதன்மையான பிரயாணி. அதனை அணைத்துப் பிடித்தவாறு அமர்ந்திருந்த வடிவம்மாளும், வண்டியை ஓட்டிய அவள் கணவர் தில்லைநாயகம் பிள்ளையும் அதற்குத் துணையாக வந்தவர்கள் என்றே சொல்லவேண்டும்.

“பைய ஓட்டுங்க. ஒரு காய் அடிபட்டாலும் போச்சு,” என்றாள் வடிவம்மாள்.

“நம்ம கல்யாணத்தன்னைக்கு ஒன்னைக் கூட்டியாந்தப்போ கூட இவ்வளவு பைய ஓட்டலட்டி,” என்றார் பிள்ளை.

வாழைத்தாருக்கு இத்துணை மரியாதை ஏன் என்பதை இங்கே கூறுதல் அவசியம். நொச்சிப்பத்து, தாமிரவருணிக் கால்வாய் ஒன்றின் கடைமடையில் இருந்தது. சென்ற ஆண்டு வெள்ளத்தில் அவ்வூர் மடையின் கல் சரிந்து, மடைவாய் மண்மூடிப் போயிற்று. அதனால் கார் சாகுபடி இல்லாமற்போனது. கிணற்றுத் தண்ணீரால் ஒரு வாழைத்தோட்டம் பிழைத்ததே தவிர, வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. இன்னும் சில நாட்களில் பிசானம் என்னும் அடுத்த பருவச் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதற்குள் மடைவாய் திறக்கப்படாவிட்டால், முன்னோர் காலத்து நிலங்களில் எஞ்சியிருந்த அந்தக் கொஞ்சமும் பிள்ளையின் கையைவிட்டுப் போய்விடும். ஊரார் அனுப்பிய மனுக்கள் எந்த மேசையில் உறங்கின என்பது ஒருவருக்கும் தெரியாது. இந்நிலையில், கோட்டையில் நடக்கும் பொருட்காட்சியில் பரிசு பெறுகிறவர்கள் கலெக்டர் துரையின் முன்னே நின்று இரண்டு வார்த்தை பேசலாம் என்னும் செய்தி வடிவம்மாளின் காதுக்கு எட்டியது. அன்றுமுதல் அவள் தோட்டத்திலேயே பெரிய தாரைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வந்தாள்.

பாளையங்கோட்டையின் மதில்கள் அதற்கு நெடுநாள் முன்னரே இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சி நின்றது கிழக்கு வாசலும், அதனை ஒட்டிய கொத்தளமுமே. போர்வீரர்கள் வெடிமருந்து அடுக்கிவைத்த அந்தக் கற்கட்டு அறைகளில் இப்போது நெல்வகைகளும், பத்தமடைப் பாய்களும், மிஷன் பள்ளிப் பெண்கள் பின்னிய லேஸ் துணிகளும் அடுக்கப்பட்டிருந்தன. பகலில் பொருள்களைக் காணலாம். மாலையில் பாட்டும் கோலாட்டமும், துணியில் படங்களைக் காட்டிப் பேசும் படவிளக்குப் பிரசங்கமும் உண்டு.

வண்டி வாசலில் நின்றது. பிள்ளை தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னே நடக்க, வடிவம்மாள் பின்தொடர்ந்தாள். வாசலின் வலப்புறத்தில், பாதி மண்ணிற் புதைந்து, வாயை வானத்துக்குக் காட்டியவாறு ஒரு கரிய உருவம் நின்றுகொண்டிருந்தது. அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, செவ்வரளி மாலையும் சாத்தியிருந்தார்கள். அவள் உடனே நின்றாள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தில் முதலில் வெட்டிய தார் எந்த வாசலில் போய் இறங்குகிறதோ, அந்த வாசலின் காவல் தெய்வத்துக்கு அதன் தலைச்சீப்பைப் படைத்துவிட்டே உள்ளே செல்வார்கள். சந்தைக்குச் சென்றாலும் கல்யாண வீட்டுக்குச் சென்றாலும் இவ்வழக்கம் மாறுவதில்லை.

“இங்கேருங்க, இறக்குங்க. காவல்சாமி நிக்குது பாருங்க,” என்றாள். பிள்ளை இறக்கினார். அவள் ஒரே திருகில் தலைச்சீப்பைப் பிரித்து, அந்த உருவத்தின் அடியில் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

“யம்மா! யம்மா! என்ன காரியம் பண்ணுதீங்க?” என்று ஒரு குரல் அலறியது. பொருட்காட்சியின் எழுத்தர் கிருபைராஜ் உள்ளேயிருந்து ஓடிவந்தார். வெள்ளைக் கோட்டும், காதில் செருகிய பென்சிலுமாக அவர் காலைமுதல் ஓடிக்கொண்டிருந்தார். “அது சாமி இல்லம்மா, பீரங்கி!”

“பீரங்கியா? சந்தனம் வச்சிருக்கு, மாலை போட்டிருக்கு. சாமி இல்லாம பெறகென்ன?”

“நேத்து ஆயுத பூசைல்லா! இங்கன காவலுக்கு நிக்க போலீசு சுடலைமாடன் செஞ்ச வேலை. துப்பாக்கிக்கு வச்சான், தடிக்கு வச்சான், மிஞ்சின சந்தனத்தை இது தலையில அப்பிட்டான்.”

“ஏட்டி, சந்தனத்தைக் கண்ட எடமெல்லாம் கும்புடுவியா?” என்றார் பிள்ளை. “நல்லவேளை, நான் இன்னைக்குத் திருநீறோட வந்தேன். சந்தனம் பூசியிருந்தா என் காலடியிலயும் ஒரு சீப்பு வச்சிருப்ப.”

கிருபைராஜ் சிரிக்கவில்லை. அவர் தாரின் மொட்டைத் தலையைப் பார்த்தார்; பிறகு வடிவம்மாளைப் பார்த்தார். “போட்டிக்குக் கொண்டாந்ததாம்மா?”

“ஆமய்யா.”

“தார் முழுசா இருக்கணும்னு சட்டம். ஒரு சீப்பு கொறஞ்சாலும் சேக்க முடியாதே.”

மடைவாயும் வெடித்த வயல்களும் ஒருகணம் அவள் கண்முன்னே வந்துபோயின. பிள்ளை குனிந்து, “சீப்பை எடுத்து நாரு போட்டுக் கட்டிருவமா? யாருக்குத் தெரியப்போவுது?” என்றார்.

“படைச்சதையா?” என்று அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். “பீரங்கின்னாலும் படைச்சது படைச்சதுதான்.”

தார் ஒரு மூலையில், காட்சிக்கு மட்டும் என்ற சீட்டோடு, ஒரு பூசணிக்காயின் பக்கத்தில் சாத்திவைக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பிள்ளை கூறினார். மாடுகள் இளைப்பாறட்டும் என்று அவள் காரணம் சொன்னாள். வெறுங்கையோடு திரும்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை என்பதே உண்மை.

இதற்கிடையில் வாசலில் வேறொரு காரியம் முளைத்தது. பீரங்கியின் அடியில் வாழைச்சீப்பைக் கண்டவர்கள், உள்ளே நுழையுமுன் தாங்களும் ஒரு கும்பிடு போட்டார்கள். ஒருத்தி விளக்கேற்றினாள். வேறொருவர் சூடம் கொளுத்தினார். தேங்காய் விற்பவன் ஒருவன் தன் கூடையை அங்கேயே இறக்கிவிட்டான். உச்சிவேளைக்குள் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது. உள்ளே போகிறவர்களுக்கும் வழியில்லை, வெளியே வருகிறவர்களுக்கும் வழியில்லை.

கிருபைராஜ் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று கூவினார்: “சனங்களே, கேளுங்க! இது கும்பினிக்காரங்க வச்சிட்டுப்போன பீரங்கி! சண்டையில வெடிச்சது!”

“அதான பாத்தேன்,” என்றார் வள்ளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். “வெடிச்ச சாமின்னா லேசுப்பட்டதா?”

“ஐயா, இரும்பு ஐயா இது! வெறும் இரும்பு!”

“நீங்க ஏசுவைக் கும்புடுத வேதக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. எறங்குங்க, பைய எறங்குங்க. விழுந்து வச்சா சாமி குத்தம்னு எங்களைச் சொல்லுவீங்க.”

கிருபைராஜ் இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கலெக்டர் துரையின் வண்டி மாலைக்கு முன்பே வந்துவிடும். அவர் கண்கள் கூட்டத்தில் வடிவம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தன.

“யம்மா, நீங்க ஆரம்பிச்சு வச்சது. என் வேலைக்கே உலை வைக்குதுங்க. ஏதாவது சொல்லுங்கம்மா, உங்க பேச்சையாவது கேப்பாங்க.”

வடிவம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். சாமி இல்லை என்று சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். அவளே காலையில் நம்பியிருக்கமாட்டாள். சிறிது யோசித்தபின், கணவரின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

“அந்த மாத்து வேட்டியைக் கொண்டாங்க.”

“எதுக்குட்டி?”

“கொண்டாங்கன்னா.”

அவள் அந்த வேட்டியைப் பீரங்கியின் முன்னே குறுக்காக விரித்து, ஒரு முனையை வாசற்கல்லின் இடுக்கிலும் மறுமுனையை ஒரு மூங்கிற்கழியிலும் கட்டினாள். பிறகு, கோயில் வாசலில் நிற்பவளைப் போலவே கணீரென்று சொன்னாள்: “உச்சிக்காலம் முடிஞ்சாச்சு! நடை சாத்தியாச்சு! எல்லாரும் வழி விடுங்க!”

“நடை சாத்தியாச்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“மணி என்ன ஆச்சு, பெறகு சாத்தமாட்டாங்களா?” என்று மற்றொருவர் விடை கூறினார்.

சூடம் கொளுத்த வந்தவர் சூடத்தை மடியிற் கட்டிக்கொண்டார். கூட்டம் ஒரு முணுமுணுப்புமின்றிக் கலைந்து உள்ளே சென்று, நெல்வகைகளைப் பார்க்கத் தொடங்கிற்று. வள்ளியூர்ப் பெரியவர் மட்டும் திரும்பிப் பார்த்து, “சாயங்காலம் எப்போ தெறக்கும்?” என்றார்.

“சாயங்காலம் படம் காட்டுதாங்க அண்ணாச்சி. நல்ல எடமாப் பாத்து உக்காருங்க,” என்றாள் வடிவம்மாள்.

கிருபைராஜ் காலியான வாசலைப் பார்த்தார். பிறகு, அன்று முதன்முறையாகச் சிரித்தார். “யம்மா, உங்களுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க. தாரைப் போட்டியில சேக்கமட்டும் சொல்லாதீங்க.”

“தாரு கெடக்கட்டும். எனக்குத் துரைகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்,” என்று அவள் மடையின் கதையை முழுவதும் சொன்னாள்.

அவர் பென்சிலால் காதைச் சொறிந்தார். “பரிசு வாங்குதவங்களுக்குத்தான் அது. ஆனா ராத்திரிக்கு முன்னால எஞ்சினீயர் சங்கரசுப்பிரமணியன் படவிளக்கு வச்சுக் கால்வாய்களைப் பத்திப் பேசுதாரு. துரையும் இருப்பாரு. கடைசியில எஞ்சினீயரு, யாருக்காவது சந்தேகம் உண்டான்னு கேப்பாரு. ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

“பொம்பளைங்க எங்க உக்காரணும்?”

“தட்டிக்குப் பின்னால.”

“தட்டிக்குப் பின்னால இருந்து கேட்டாக் குத்தமா?”

கிருபைராஜ் கோட்டுப்பையிலிருந்து பொருட்காட்சியின் சட்டத் தாளை எடுத்துப் புரட்டினார். “குத்தம்னு எங்கயும் எழுதல,” என்றார்.

அந்தி சாயும் வேளையில் கொத்தளத்தின் பெரிய அறையில் வெள்ளைத்துணி ஒன்று கல்சுவரில் தொங்கவிடப்பட்டது. முன்வரிசை நாற்காலிகளில் கலெக்டர் துரையும் பெரிய மனிதர்களும் அமர்ந்தார்கள். ஆடவர் ஒருபுறமும், மூங்கில் தட்டிக்குப் பின்னே பெண்டிர் மறுபுறமுமாக இருந்தார்கள். விளக்கு ஏற்றப்பட்டதும், துணியில் ஓர் அணைக்கட்டு வந்து நின்றது. தண்ணீரே அறைக்குள் புகுந்துவிட்டதுபோல் சிறுவர்கள் கத்தினார்கள். எஞ்சினீயர் நல்ல தமிழில், ஆற்றுநீர் அணையிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து வயலுக்கும் செல்லும் விதத்தை விளக்கினார். கடைசியாகக் கால்வாயின் வரைபடம் ஒன்று துணி முழுதும் விரிந்தது.

“யாருக்கேனும் சந்தேகம் உண்டோ?” என்று அவர் கேட்டார்.

ஆடவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

வடிவம்மாள் தட்டியின் இடுக்கு வழியே கால்வாயின் வால்நுனிவரை பார்த்தாள். முன்பின் தெரியாத ஆடவர் நிறைந்த சபையில் அவள் குரல் அதுவரை எழுந்ததில்லை. விளக்கை அணைக்க ஒருவன் கையை நீட்டினான்.

“எங்க ஊரைக் காணோம்,” என்றாள்.

சபை திரும்பிப் பார்த்தது. எங்கோ ஒருவன், “ஊரைத் தொலைச்சிட்டு வந்திருக்கா லே,” என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. எஞ்சினீயர் கையை உயர்த்தி, “யார் பேசுகிறது?” என்றார்.

வடிவம்மாள் தட்டியை விட்டுப் பின்வாங்கினாள். அப்போது ஆடவர் பகுதியிலிருந்து தில்லைநாயகம் பிள்ளை எழுந்தார். சபையில் நின்று பேசி அறியாதவர் அவர். துண்டை இடுப்பில் கட்டுவதா தோளில் போடுவதா என்று அவர் கைகள் தடுமாறின.

“அது என் வீட்டுக்காரிங்க,” என்றார். “நொச்சிப்பத்து. அவ சொல்லுதது நெசம். கேளுங்க.”

அதன்பின் வடிவம்மாள் பேசினாள். மடைக்கல் சரிந்ததையும், மண் மூடியதையும், கார் போனதையும், பிசானத்துக்குத் தண்ணீர் வருமுன் வாய் திறக்கவேண்டியதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கலெக்டர் துரை எஞ்சினீயரிடம் ஆங்கிலத்தில் ஏதோ வினவினார். எஞ்சினீயர் படத்தருகே சென்று, கால்வாயின் வால்நுனியில் விரலை வைத்தார்.

“அம்மா, படம் இங்கே முடிந்துவிடுகிறது. உங்கள் மடை எங்கே? வந்து காட்ட இயலுமா?”

தட்டிக்குப் பின்னே பெண்கள், “போ, வடிவு, போ,” என்று அவளை நெட்டித் தள்ளினார்கள். காலையில் அறிமுகமே இல்லாதவர்கள் அவர்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். விளக்கின் ஒளி அவள் முகத்தில் விழுந்தது. கால்வாயின் கோடுகள் அவள் சேலையின்மேல் ஓடின. வால்நுனியைப் பார்த்தாள், அங்கிருந்து ஆலமரம், பிறகு பாலம், பிறகு சாய்ந்த கல் என்று மனத்துக்குள் நடந்தாள். துணி முடிந்துபோயிற்று. அவள் நிற்கவில்லை. துணியைத் தாண்டி, கோட்டையின் கருங்கல் சுவரில் விரலை வைத்தாள்.

“இங்கன,” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எஞ்சினீயர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துவந்து, அவள் விரல் நின்ற கல்லில் ஒரு வட்டம் போட்டார். துணியின் ஓரத்திலிருந்து அவ்வட்டம்வரை கால்வாயை ஒரு கோடாக இழுத்தார். துரை தலையசைத்தார்.

“நாளை மறுநாள் காலையில் வருகிறேன்,” என்றார் எஞ்சினீயர். “ஆட்களையும் அழைத்து வருகிறேன். சாலை வழியாக வந்தால் மடை தெரியுமா?”

“தெரியாதுங்க. கரை வழியா வாங்க. எங்க வீட்டு ஆளுக மம்பட்டியோட நிப்பாங்க.”

வெளியே வந்தபோது மேற்கே சிவப்பு மறைந்து நிலா வெளிச்சம் பரவியிருந்தது. பிள்ளை மாடுகளைப் பூட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி முருகன்குறிச்சியைக் கடந்தது.

“ஏட்டி,” என்றார் பிறகு. நாற்றங்காலைப் பற்றி அவர் அதுவரை அவளிடம் யோசனை கேட்டதே இல்லை. “நாத்தங்காலை மேலவயல்ல போடுவமா, கெணத்தடியிலயா? வெதைநெல்லை நாளைக்கே ஊறப்போடணும்லா.”

“கெணத்தடியில போடுங்க,” என்றாள் வடிவம்மாள். “மேலவயலுக்குத் தண்ணி வந்ததும் பறிச்சு நட்டுக்கிடலாம்.”