மூன்றாவது இழுவை

“அப்பா, ஆண்டவருக்கு ஏன் மூண்டு இழுவை? ஒண்டு காணாதே?”

ஒன்று போதாதா என்று நோரா கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. நோர்வேயில், மோர்டென்ஸ்ருட் குடியிருப்பின் பொதுக் கராஜில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா செபஸ்ரியன் தன் பழைய மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். போல்ட் இறுகி நின்ற பிறகும் அவர் ஸ்பனரை விடுவதில்லை. பிதா என்று ஓர் இழுவை, சுதன் என்று ஓர் இழுவை, பரிசுத்த ஆவி என்று இன்னொன்று. மூன்றாவதில் கழுத்து நரம்பு புடைக்கும். மன்னாரில் குண்டும் குழியுமான வீதியில் சக்கரத்தின் நட் கழன்று வண்டி சரிந்து, அவருடைய தம்பியின் முன்பல் இரண்டும் போன நாளிலிருந்து வந்த பழக்கம் அது.

“ஆண்டவருக்கில்லையம்மா, எங்களுக்கு” என்றார் மகளிடம். நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு வருடமும் நினைத்திருந்தார்.

இரண்டு கதவு தள்ளித் தில்லைநாதன் இருந்தார். ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு பேக்கரியில் அதிகாலை வேலை. முதல் ரயிலைப் பிடித்தால் அடுப்பு மூட்டிய பிறகுதான் போய்ச் சேரலாம் என்பதால், பனி கரைந்த நாள் முதல் மறுபடி பனி விழும்வரை மோட்டார் சைக்கிளில்தான் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் செபஸ்ரியன் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பாண் பை தொங்கும். கொண்டு வந்தவர் மணியடிப்பதில்லை. நன்றி சொன்னால், மிஞ்சினதுதானே என்பார். இவ்வளவு பாணுக்குக் கைமாறாக என்ன செய்வது என்று செபஸ்ரியனுக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. அதனால் 2007ஆம் ஆண்டு ஏப்ரலில், வண்டிகளை வெளியே எடுக்கும் காலத்தில், தில்லைநாதனின் வண்டிக்குத் தன் கையாலேயே எண்ணெய் மாற்றி, முன் பிரேக்குக்குப் புதுக் கட்டையும் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று இழுவை. அயலவனின் உயிர் அல்லவா.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை டூக்னாட் வந்தது. குடியிருப்பவர்கள் எல்லோரும் தும்புத்தடியும் மண்வெட்டியுமாகக் கூடி வளவைத் துப்புரவாக்கும் நாள். கராஜைக் கூட்டுவதற்காகத் தில்லைநாதனின் வண்டியை நகர்த்தினால், அடியில் ஒரு தட்டளவு எண்ணெய். அடுத்த வரிசையில் இருந்த ஆன்ட்ரியாஸ் பழைய வண்டிகளைத் திருத்துவதில் பைத்தியமான மனிதர். உடனே ஒரு மட்டையை விரித்துப் படுத்து, எண்ணெய் வடிக்கும் போல்ட்டை ஸ்பனரால் தொட்டுப் பார்த்தார். அது பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை முழுவதும் போய்விட்டது, இது மெல்லிய அலுமினியம், யாரோ கப்பலைக் கட்டுவது போல இறுக்கியிருக்கிறார்கள் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இப்போது பதினெட்டு வயதான நோரா மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த தும்புத்தடியைப் பார்த்தாள்.

செபஸ்ரியன் வாயைத் திறக்குமுன் தில்லைநாதன், தான்தான் இறுக்கியதாகச் சொல்லிவிட்டார். தன் கை மாவு பிசைந்து பிசைந்து முரடாகிப்போன கை என்றும் சேர்த்துச் சொன்னார். சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது.

செபஸ்ரியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தில்லைநாதன் வீட்டில் இருப்பது மஞ்சள் பிடி போட்ட ஒரு திருப்புளி மட்டும். அதுவும் தகர டின் திறப்பதற்கு. அந்த மனிதர் மறந்துபோனாரா? தனக்குத் தெரியாமல் ஒருநாள் உண்மையிலேயே இறுக்கினாரா? அல்லது நாலு பேர் முன்னால் தன்னைக் குத்திக் காட்டுகிறாரா? வாஃபிள் சுட்டுக் கொடுத்த மேசைக்கருகில் அவரைத் தனியாகப் பிடித்தார்.

“தம்பி, நீர் அந்தப் போல்ட்டைத் தொட்டனீரோ?”

“இல்லை அண்ணை.”

“பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்?”

தில்லைநாதன் வாஃபிளில் ஜாமை மூலைவரை தடவினார். “நான் விழக்கூடாது எண்டுதானே நீங்கள் இறுக்கினனீங்கள். அதைப் பாத்து ஆக்கள் சிரிக்க நான் விட ஏலுமே? என்னைப் பாத்துச் சிரிச்சால் நாளைக்கு மறந்திடுவன். நீங்கள் ஒரு மாசம் நித்திரை கொள்ள மாட்டியள்.”

“எண்டாலும் பொய்தானே.”

“உங்கடை ஃபாதரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

செபஸ்ரியன் இன்னும் குழம்பிப்போனார். செபம் சொல்லி இறுக்கியது எஞ்சினைக் கெடுத்திருக்கிறது. வாய் கூசாமல் சொன்ன பொய்யோ நெஞ்சைக் குளிரவைத்திருக்கிறது. எதை எந்தப் பக்கம் வைப்பது? யோசித்துக்கொண்டே தேத்தண்ணீரை வாயில் வைக்கப்போனவர் கோப்பையை மேசையில் திரும்ப வைத்தார். எண்ணெய் மாற்றிய அன்று அவர் இறுக்கியது எண்ணெய்ப் போல்ட்டை மட்டுமல்ல. முன் பிரேக்கைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளையும்தான். திங்கட்கிழமை தில்லைநாதன் அந்தப் பிரேக்கை நம்பி மலையிறங்குவார்.

அன்று பின்னேரமே ஆன்ட்ரியாஸின் கதவைத் தட்டினார். இறுக்கியது தில்லைநாதன் அல்ல, நான் என்று முதலில் சொன்னார். பிறகு பிரேக்கைப் பற்றிச் சொன்னார். ஆன்ட்ரியாஸ் சிரிக்கவில்லை. எண்ணெய்த் துளைக்குப் புது மரை வைத்து முடித்துவிட்டதாகச் சொல்லி, ஒரு ஜாம் டின்னைக் கிண்டி அளவான இரண்டு புதுப் போல்ட்டுகளும், அளவு வைத்து இறுக்கும் நீண்ட ஸ்பனரும், எண்கள் எழுதிய துண்டுக் காகிதமும் தந்தார். போல்ட் ஒரு மயிரளவு நீண்டு கொடுப்பதால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது; அதற்கு மேல் இழுத்தால் பலம் கூடாது, குறையத் தொடங்கும். ஸ்பனர் கிளிக் என்றதும் நிறுத்த வேண்டும் என்றார்.

கிளிக்குக்குப் பிறகு கொஞ்சம்? என்று கேட்டார் செபஸ்ரியன்.

நிறுத்த வேண்டும் என்றார் ஆன்ட்ரியாஸ் மறுபடியும்.

மறுநாள் பூசை முடிந்து, தில்லைநாதன் வாரத்தின் களைப்பெல்லாம் சேர்த்துத் தூங்கும் நேரத்தில், செபஸ்ரியன் தனியே கராஜுக்குள் இறங்கினார். முதல் போல்ட் கீச்சிட்டுக்கொண்டு கழன்றது. இரண்டாவதை வெளியே எடுத்தபோது அவர் கை நின்றுவிட்டது. அதன் கழுத்து, எரிந்து சரிந்த மெழுகுதிரி போல ஒருபக்கம் மெலிந்திருந்தது. இன்னும் எத்தனை தரம் பிரேக் பிடித்திருந்தால் போயிருக்குமோ, அவருக்குத் தெரியாது. சீமெந்துத் தரையில் அப்படியே சற்று நேரம் முழங்காலில் இருந்தார்.

பிறகு புதுப் போல்ட்டுகளைக் கையால் சுற்றி ஏற்றி, காகிதத்தைப் பார்த்து ஸ்பனரில் அளவு வைத்தார். பிதா என்று இழுத்தார். கிளிக். அடுத்த இழுவைக்குக் கை தானாகவே எழும்பியது. ஒண்டு காணாதே என்று ஒரு சின்னக் குரல் வாளியின் மேலிருந்து கேட்டது போலிருந்தது. கையை எடுத்துவிட்டு, சுதன், பரிசுத்த ஆவி என்று மீதி இரண்டையும் வாயால் மட்டும் சொன்னார். இவ்வளவு இலேசாகப் பிடித்தது எப்படி நிற்கும் என்று அவருக்கு அப்போதும் பிடிபடவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

ஆன்ட்ரியாஸ் முடித்த எண்ணெய்ப் போல்ட்டைத் தவிர, அந்த வண்டியில் தன் கை பட்ட மற்ற ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிக்கோடு நிறுத்தினார். தரையிலிருந்த எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றியெடுத்துத் தேய்த்துக் கழுவினார். மெலிந்த போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டு, வண்டியைப் பழையபடி மூடிவிட்டு, விளக்கை அணைத்தார். மேலே போனபோது அவர் வீட்டுக் கதவுப் பிடியில் பாண் பை தொங்கிக்கொண்டிருந்தது.